தூசியை அளந்தவர் – அன்னா மாணி



நம் மாணவர் பேரவை மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். காந்தியடிகள், காமராசர், அப்துல் கலாம் பற்றியெல்லாம் ஏற்கெனவே மூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் எழுத வந்திருப்பது அன்னா மாணி என்ற அம்மையாரைப் பற்றி. கருவியியல் பிரிவில் படிக்கும் நம்மில் பலருக்கே இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். எனக்கும் போன வருஷம் வரை தெரியாது. அவரைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் முதலில் எங்கள் ஊர் மூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதோடு நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும்.

எங்கள் மலையும் மூட்டமும்

என் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம். அப்பாவுக்கு சாமைக் கொல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டி வந்தது நான்தான் முதல் ஆள். அப்பா பள்ளிக்கூடம் போகவில்லையே தவிர, வானத்தைப் பார்த்து அவர் சொல்லும் சங்கதிகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மார்கழியில் வருவது பனிமூட்டம். அது கையில் பட்டால் சில்லென்று ஈரமாக இருக்கும், வெயில் ஏறினால் கலைந்துவிடும். ஆனால் ஆனி, ஆடியில் சில நாட்களில் வேறு ஒரு மூட்டம் வரும். அதில் ஈரம் இருக்காது. உச்சி வெயிலிலும் கலையாது. எதிர்மலை மங்கிப்போய், வானம் நீலமில்லாமல் வெளுத்துக் கிடக்கும். அதைக் காய்ந்த மூட்டம் என்று அப்பா சொல்வார். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மேற்கே கையைக் காட்டுவார். அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் மலையிலேயே இருக்கும் காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார்கள். சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஆய்வகம். அங்கே தெரிந்துகொண்ட ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. ஒரே நட்சத்திரம் உச்சியில் இருக்கும்போது பிரகாசமாகவும், அடிவானத்துக்கு இறங்கும்போது மங்கலாகவும் தெரியும். நட்சத்திரம் மாறவில்லை, அதன் ஒளி கடந்து வரும் காற்றின் அளவுதான் கூடியிருக்கிறது. காற்றில் தூசி இருந்தால் இன்னும் மங்கும். வானவியலாளர்கள் இந்த மங்கலைக் கணக்குப் போட்டுக் கழித்துவிட்டுத்தான் நட்சத்திரத்தின் உண்மையான ஒளியை எழுதுகிறார்களாம்.

அவர்கள் கழித்து ஒதுக்கும் அந்த மங்கலையே ஒருவர் அளந்து சேர்த்து வைத்தார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர்தான் அன்னா மாணி.

நான் செய்த தப்பு

இரண்டாம் ஆண்டில் அளவியல் லேப். தெர்மோகப்பிள் சோதனை. தண்ணீரைச் சூடாக்கி, பத்துப் பத்து டிகிரிக்கு மில்லிவோல்ட் எடுக்க வேண்டும். எங்கள் மீட்டர் முள் நிற்காமல் ஆடியது. மணியோ ஆகிவிட்டது. சீனியர் அக்கா ஒருவரின் ரெக்கார்டு நோட்டு கையில் இருந்தது. அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். கிராப் போட்டால் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி வந்தது. கையெழுத்தும் கிடைத்துவிட்டது. நண்பர்களே, இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள் அல்லவா? நம்மில் யார்தான் செய்யவில்லை!

பிறகு விடுமுறையில் ஒரு சிறு பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனேன். பிரஷர் கேஜ் ஒன்றைச் சோதித்து எழுதச் சொன்னார்கள். பழகிய கையல்லவா? ஏறும்போது 2, 4, 6, 8, 10. இறங்கும்போதும் அதே எண்கள் என்று பாரத்தை முதலிலேயே நிரப்பிவிட்டேன். அங்கிருந்த வயதான மெக்கானிக் அண்ணன் பாரத்தைப் பார்த்தார். கேஜைத் தன் முன்னாலேயே மறுபடியும் டெஸ்டரில் மாட்டச் சொன்னார். எடை ஏற ஏற முள் ஏறியது. ஆறுக்கு வந்ததும் நின்றுவிட்டது. மேலும் எடை வைத்தும் அசையவில்லை. விரலால் தட்டியதும் சட்டென்று எட்டுக்குத் தாவியது. அது ஒரு பாய்லரில் மாட்டப்போகிற கேஜ். அவர் என்னைத் திட்டவில்லை. நான் எழுதின பாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு பாரம் கொடுத்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லூரிக்குத் திரும்பியதும் எங்கள் பிரிவு ஆசிரியர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் உபதேசம் எதுவும் பண்ணவில்லை. அன்னா மாணியைப் பற்றிப் படித்துவிட்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வைரத்தோடு வேண்டாம், புத்தகம் போதும்

அன்னா மாணி 1918ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பீர்மேடு என்ற மலையூரில் பிறந்தார். அவரும் நம்மைப் போல மலைக்காரர்தான்! ஆனால் வசதியான குடும்பம். தந்தையார் சிவில் இன்ஜினியர்; ஏலக்காய்த் தோட்டங்களும் இருந்தன. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. ஆண்பிள்ளைகளைப் பெரிய உத்தியோகத்துக்கும், பெண்பிள்ளைகளைக் கல்யாணத்துக்கும் தயார் செய்வது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

எட்டாவது பிறந்தநாளில் பெண்குழந்தைக்கு வைரத்தோடு கொடுப்பதும் வழக்கம். அன்னா மாணி தோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிரிட்டானிகா கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த வயதுக்குள் ஊர் நூலகத்தில் இருந்த மலையாளப் புத்தகங்களையெல்லாம் ஏறக்குறைய படித்து முடித்திருந்தாராம். 1925இல் வைக்கம் போராட்டத்தின்போது காந்தியடிகள் அந்தப் பக்கம் வந்தார். அந்தச் சிறுமியின் மனதில் அது ஆழமாகப் பதிந்தது. பின்னாளில் கதர் கட்டியதும், நம் நாட்டுக்கு வேண்டியதை நாமே செய்ய வேண்டும் என்று நினைத்ததும் அதன் தொடர்ச்சிதான்.

சென்னையில் இயற்பியல் படித்து 1939இல் பட்டம் பெற்றார். 1940இல் உதவித்தொகை கிடைத்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சின்ன வயதில் வேண்டாம் என்ற வைரம் அங்கே வேறு உருவில் வந்து சேர்ந்தது. வைரம், மாணிக்கம் போன்ற கற்கள் ஒளியை எப்படி உள்வாங்கி வெளிவிடுகின்றன என்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட ஆராய்ச்சி. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை அவர் ஆராய்ந்தார். மங்கலான ஒளியைப் படத்தகட்டில் பதிய வைக்க ஒரு படத்துக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் கூட ஆகும். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே தூங்கியிருக்கிறார். மீட்டர் முள் இரண்டு நிமிஷம் ஆடியதற்கே அக்காவின் நோட்டை எடுத்தவள் நான். இதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

கிடைக்காத பட்டம்

1942க்கும் 1945க்கும் இடையில் தனி ஒருவராக ஐந்து ஆய்வுக்கட்டுரைகளை வெளியிட்டார். 1945இல் டாக்டர் பட்டத்துக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். பட்டம் தரவில்லை. காரணம், அவர் எம்.எஸ்ஸி. படிக்கவில்லையாம். ஆராய்ச்சியில் குறை இல்லை. சான்றிதழில் ஒரு படி குறைந்ததுதான் குறை. அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில், பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளோடு பக்கத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

டிப்ளமோதானே என்று நம்மைக் கேட்கிறவர்கள் உண்டு. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் என்னையும் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் முகம் சுருங்கும். அன்னா மாணி முகம் சுருங்கி உட்கார்ந்துவிடவில்லை. அதே 1945இல் அரசு உதவித்தொகை பெற்று, படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலில் இங்கிலாந்து போனார். இயற்பியல் ஆராய்ச்சி செய்யத்தான் ஆசை. ஆனால் கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. கிடைத்ததை எடுத்துக்கொண்டார். நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் கேட்ட பிரிவு கிடைக்காமல் கிடைத்த பிரிவில் சேர்ந்தவர்கள்!

புனே பட்டறை

1948இல் நாடு திரும்பி, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அப்போது நாட்டில் சாதாரண வானிலைக் கருவிகள் கூட வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. ஒன்று பழுதானால் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அன்னா மாணி பட்டறையைக் கட்டி எழுப்பினார். மழைமானி, பாரோமீட்டர், காற்றுவேகமானி என்று ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, உற்பத்தியைத் தொடங்கி வைத்தார். 1953இல் அந்தப் பிரிவின் தலைவரானபோது அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள்.

வரைபடம் என்றால் நமக்குத் தெரியும். முதலாண்டு டிராயிங் ஹாலில் டி-ஸ்கொயரோடு எவ்வளவு அழுதிருக்கிறோம்! ஆனால் அந்த வரைபடத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே அளவு, ஒரே பொருள், ஒரே சோதனை என்று இருந்தால்தான் ஜோத்பூரில் மாட்டிய கருவியும் சென்னையில் மாட்டிய கருவியும் ஒரே மொழி பேசும். அவரவர் இஷ்டத்துக்குச் செய்தால் இரண்டு ஊர் எண்களை ஒப்பிடவே முடியாது. தவறான அளவைவிட அளவே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவருடைய உறுதியான கொள்கை. கருவியைச் செய்வதோடு விடாமல், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதையும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்.

சூரியனை வைத்துத் தூசியை அளப்பது

1957–58இல் உலக நாடுகள் சேர்ந்து சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை நடத்தின. அந்தச் சமயத்தில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டில் பல ஊர்களில் அமைக்கும் பொறுப்பு அன்னா மாணியிடம் வந்தது. அதற்கான கருவிகளையும் நம் நாட்டிலேயே செய்ய வைத்தார்.

சூரிய வெப்பத்தை அளப்பதற்கும் தூசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காவலூரில் நான் தெரிந்துகொண்ட அதே சங்கதிதான். காற்றுமண்டலத்துக்கு வெளியே சூரிய ஒளி எவ்வளவு என்பது தெரிந்த எண். கீழே தரையில் எவ்வளவு வந்து சேருகிறது என்று கருவி சொல்கிறது. இடையில் காணாமல் போனதில் காற்றின் வாயுக்களும் நீராவியும் எடுத்துக்கொண்டதைக் கணக்குப் போட்டுக் கழித்துவிட்டால், மிச்சம் தூசி, புகை, உப்புத் துகள்களின் பங்கு. திருடன் கண்ணில் படாவிட்டாலும், போன பொருளை வைத்து அவனைக் கண்டுபிடிப்பது போல!

இதை எண்ணாக எழுதும் முறையை ஸ்வீடன் நாட்டு ஆங்ஸ்ட்ரோம் 1929இல் கொடுத்திருந்தார். அதில் இரண்டு எண்கள். ஆல்ஃபா, பீட்டா என்று பெயர். பீட்டா, துகள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும். ஆல்ஃபா, துகள் பெரிதா சிறிதா என்பதைக் காட்டும். புகைத்துகள் மிகச் சிறியது. அது நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் தடுக்கும். அப்போது ஆல்ஃபா பெரிய எண்ணாக வரும். பாலைவனத் தூசி பெரியது. அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தடுக்கும். ஆல்ஃபா பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும். ஆகவே சூரியனைச் சிவப்புக் கண்ணாடி வழியாக ஒரு தடவை, வேறு நிறக் கண்ணாடி வழியாக ஒரு தடவை அளந்தால், வந்திருப்பது புகையா புழுதியா என்று தரையில் நின்றுகொண்டே சொல்லலாம்.

1969இல் அன்னா மாணி, தன்னோடு பணிபுரிந்த சாக்கோ, ஹரிஹரன் ஆகியோருடன் சேர்ந்து, இந்திய நிலையங்களின் சூரியக் கதிர் அளவுகளிலிருந்து இந்தக் கலங்கல் எண்களைக் கணக்கிட்டு, டெல்லஸ் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். கோடையில் வடமேற்கே தார்ப் பாலைவனத்துப் புழுதி எழும்பும் காலத்தில் காற்று மிகவும் கலங்கியிருப்பதும், மழை விழுந்ததும் கழுவியது போலத் தெளிவதும் நம் கண்ணுக்குத் தெரிந்தவைதான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு, எவ்வளவு என்று எண்ணாக எழுதி வைப்பது வேறு. அந்த எண் இருந்தால்தான் முப்பது வருஷம் கழித்துக் காற்று கெட்டிருக்கிறதா, தேறியிருக்கிறதா என்று பேச முடியும்.

பின்னர் வானிலைத் துறை, காற்றின் மாசு நிலையைத் தொடர்ந்து கவனிக்கப் பத்து இடங்களில் நிலையங்கள் வைத்தது. அவற்றில் பாலைவனத்து ஜோத்பூர் ஒன்று. நம் தமிழ்நாட்டுக் கொடைக்கானல் ஒன்று. கடல் நடுவே மினிக்காய், போர்ட் பிளேர். தூசி கிளம்பும் இடமும், போய்ச் சேரும் இடமும், இடையில் கடலும் என்று வலை விரித்த மாதிரி!

தூசியின் பயணம்

பாலைவனத் தூசி எவ்வளவு தூரம் போகும்? 1832 ஜனவரியில் சார்லஸ் டார்வின் போன கப்பல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது, காற்றிலிருந்து மெல்லிய பழுப்புத் தூள் விழுந்துகொண்டிருந்ததை அவர் சேகரித்து வைத்தார். அது ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தது. அதே சகாரா தூசி அட்லாண்டிக் கடலை முழுதாகத் தாண்டி அமேசான் காட்டில் போய் விழுகிறது. 2015இல் வெளியான செயற்கைக்கோள் கணக்குப்படி, வருஷத்துக்குச் சராசரி 18 கோடியே 20 லட்சம் டன் தூசி சகாராவின் மேற்கு ஓரத்தைத் தாண்டுகிறது. அதில் 2 கோடியே 77 லட்சம் டன் அமேசான் படுகையில் இறங்குகிறது. அதோடு சேர்ந்து சுமார் 22,000 டன் பாஸ்பரஸும் அந்தக் காட்டுக்கு உரமாகக் கிடைக்கிறது. எங்கப்பா சாமைக்குப் போடும் உரத்துக்குக் கடன் வாங்குகிறார். அமேசானுக்குப் பாலைவனம் இலவசமாக அனுப்புகிறது!

நம் பக்கத்துக்கும் தூசி வருகிறது. கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் ஈராக், அரேபியப் பாலைவனங்களில் பலத்த காற்று வீசும்போது கிளம்பும் புழுதி அரபிக்கடலுக்கு மேலே வருகிறது. கீழே ஈரமான பருவக்காற்று ஓட, அதற்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் இந்தக் காய்ந்த புழுதி ஓடும். சில நாட்களில் நம் நாட்டை எட்டும். 2022 ஜனவரியில் பாகிஸ்தான் பக்கம் எழுந்த புழுதிப்புயல் அரபிக்கடல் வழியாக வந்து மும்பையை மூடியது. நிறுத்தி வைத்த கார்களின் மேல் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. அப்பா மேற்கே கையைக் காட்டியதில் அர்த்தம் இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. அதற்காக எங்கள் மலையின் ஒவ்வொரு மூட்டமும் அரேபியாவிலிருந்து வந்தது என்று சொல்ல மாட்டேன். காட்டுத்தீப் புகையும் உண்டு, சமவெளிப் புழுதியும் உண்டு. எது எது என்று பிரிப்பதற்குத்தானே ஆல்ஃபா!

தூசியின் தடத்தைப் பிடிக்க இன்று பல வழிகள் உண்டு. மேலே செயற்கைக்கோள் படம் எடுக்கிறது. காற்றின் திசையும் வேகமும் தெரிந்தால், இன்று இங்கிருக்கும் காற்று மூன்று நாள் முன் எங்கிருந்தது என்று கணினியில் பின்னோக்கிப் போகலாம். படிந்த தூளின் தாதுக்களைச் சோதித்து எந்த மண் என்று பார்க்கலாம். ஆனாலும் செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று பார்க்கத் தரையில் சூரியனை நோக்கி நிற்கும் கருவி வேண்டியிருக்கிறது. கான்பூரில் 2001 முதல் அப்படிப்பட்ட தானியங்கிக் கருவி, உலக வலையமைப்பு ஒன்றின் பகுதியாக இயங்கி வருகிறது. கருவி நவீனமாகிவிட்டது. அடிப்படை மட்டும் அன்னா மாணி காலத்தில் பார்த்த அதே சூரியன், அதே கழித்தல் கணக்கு.

ஓசோன், ராக்கெட், காற்றாலை

அவர் செய்தவை இத்தோடு முடியவில்லை. பலூனில் கட்டி அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியை நம் நாட்டிலேயே உருவாக்கினார். 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் தொடங்கியபோது, விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதன் பேரில் அங்கே வானிலை ஆய்வுக்கூடத்தையும் கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார். துறையின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் பணி. 1980இலும் 1981இலும் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுப் பற்றி இரண்டு பெரிய நூல்கள். இன்று மொட்டை மாடியில் சோலார் தகடு மாட்டுகிற தொழிலுக்கு அடிப்படைக் கணக்கைக் கொடுத்தவை அந்த நூல்கள். நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் காற்றின் வேகத்தை அளக்க ஏற்பாடு செய்தார். எங்கே காற்றாலை வைத்தால் பலன் தரும் என்பது அப்படி அளந்ததால்தான் தெரிந்தது. பெங்களூரில் காற்று, சூரிய அளவுக் கருவிகள் செய்ய ஒரு சிறு பட்டறையும் நடத்தினார். பட்டறையை அவர் கடைசிவரை விடவில்லை!

திருமணம் செய்துகொள்ளவில்லை. காடு, மலை, பறவைகள் என்றால் உயிர். 1994இல் பக்கவாதம் வந்து நடமாட்டம் நின்றது. 2001 ஆகஸ்ட் 16ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். டாக்டர் பட்டம் கடைசிவரை அவர் பெயரோடு சேரவில்லை. அவர் செய்ய வைத்த கருவிகள் காட்டிய எண்கள் மட்டும் பதிவேடுகளில் இருக்கின்றன.

நம் கையில் இருப்பது

நண்பர்களே, ஜோத்பூரில் ஒருவர் காலையில் கருவியைப் பார்த்து எண்ணை எழுதுகிறார். கொடைக்கானலில் இன்னொருவர் எழுதுகிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது. ஆனால் அந்த எண்களை வரிசையாக வைத்தால்தான் தூசி நடந்துபோன பாதை தெரியும். இடையில் ஒருவர், இன்றைக்கு மேகமாக இருக்கிறது, நேற்றைய எண்ணையே போட்டுவிடலாம் என்று போட்டால் பாதை அறுந்துபோகும். அறுந்தது யாருக்கும் தெரியவும் தெரியாது. அதுதான் பெரிய ஆபத்து. அந்த எண்ணை எழுதும் நாற்காலியில் நாளைக்கு உட்காரப் போகிறவர்கள் நாம்தான், டிப்ளமோ படித்தவர்கள்.

போன ஆனி மாதம் லீவில் ஒரு சின்னக் கருவி செய்தேன். எல்.இ.டி. விளக்கு எரிவது மட்டுமல்ல, தன் மேல் ஒளி விழுந்தால் மின்சாரமும் தரும்; அதிலும் ஏறக்குறைய தன் நிறத்து ஒளிக்குத்தான் தரும். ஒரு பச்சை, ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு ஆப்-ஆம்ப் ஐ.சி., ஒரு துண்டு பி.வி.சி. பைப், நம் மல்டிமீட்டர். பைப்பைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து அளவு எடுக்க வேண்டும். சூரியன் உச்சியில் இருந்தால் அதன் ஒளி ஒரு பங்கு காற்றைக் கடக்கிறது. 30 டிகிரி உயரத்தில் இருந்தால் இரண்டு பங்கு. காலையிலிருந்து உச்சிவரை எடுத்த அளவுகளை லாக் எடுத்துக் கிராப் போட்டால் ஒரு சாய்கோடு வரும். அந்தச் சாய்வு கூடினால் அன்றைக்குக் காற்றில் கலங்கல் கூடுதல்.

கொல்லை மேட்டில் நின்று பதினோரு நாள் எடுத்தேன். அப்பா கடிகாரம் பார்த்து நேரம் சொன்னார். இரண்டு நாள் மேகம். அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். ஒரு நாள் கை நடுங்கிப் புள்ளிகள் கோட்டைவிட்டு விலகி நிற்கின்றன. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா காய்ந்த மூட்டம் என்று சொன்ன ஒரு காலையில் சாய்வு மற்ற நாட்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. பச்சையும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே அளவு மங்கியிருந்தன. அது அரேபியத் தூசியா என்று என் இரண்டு எல்.இ.டி.யை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண் நான் பார்த்து எழுதிய எண்.

அந்தக் காலை அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. காலியாக விட்ட இரண்டு கட்டங்களைக் காட்டி இது ஏன் என்று கேட்டார். அன்றைக்கு மேகம், தெரியவில்லை, அதனால் எழுதவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். ரெக்கார்டு நோட்டில் வாங்கிய எந்தக் கையெழுத்தையும்விட அது எனக்குப் பெரிதாக இருந்தது.



– மாணவி, மூன்றாம் ஆண்டு, கருவியியல் பிரிவு